முப்பதா, ஐம்பதா? வெளிறிப்போன ஒரு ஜெர்மன் ரெவின்யூ ஸ்டாம்ப்

ஐம்பது ஃபென்னிக் (நூறு ஃபென்னிக் ஒரு மார்க், பழைய ஜெர்மன் பணம்). முப்பது இல்லை. நான்கு மாதமாக ஆல்பத்தில் 30 என்று பென்சிலால் எழுதி வைத்திருந்ததை நேற்றிரவு அழித்தேன். அந்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் ஆண்டு என்னவென்று தெரிவதற்கு முன்பே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெர்லினில் ஜூன் 17 தெருவில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் கிடைத்தது இது. தாளோடு ஒட்டியபடியே யாரோ கத்தரித்து வைத்திருந்தார்கள். பல ஆண்டுகள் வெயில் பட்டிருக்க வேண்டும்; நிறம் என்று சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை. கழுகின் இறக்கை நிழலாகத் தெரிந்தது. மதிப்பு எண் இருந்த இடத்தில் ஒரு வளைவும் ஒரு பூஜ்யமும். வளைவின் மேலேயே பேனாக் கோடு ஒன்று ஓடுகிறது. மூன்றா, ஐந்தா என்பதுதான் வழக்கு.

வகையைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அடியில் நாள், மாதம் எழுத வெற்றிடமும் ஆண்டின் முதல் இரண்டு எண்களாக அச்சிட்ட 18-உம் இருந்தன. தாளின் மறுபக்கத்தில் அச்செழுத்தில் ‘...க்ஸெல்’ என்ற வால் மட்டும். நடுவில் இருப்பது ‘எஃப்’ இல்லை, பழைய ஜெர்மன் அச்சின் நீண்ட ‘எஸ்’. ஆக ‘வெக்ஸெல்’: நம் வணிகர்கள் உண்டியல் என்கிற மாற்றுச்சீட்டு. அதன் மீதான முத்திரை வரியை 1869இல் வட ஜெர்மன் கூட்டமைப்பு சட்டமாக்கியது. 1870 ஜனவரி 1 முதல் நடைமுறை. பிறகு ஜெர்மன் பேரரசு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஸ்டாம்பைச் சீட்டின் பின்பக்கம் ஒட்டித் தேதி எழுதிச் செல்லாததாக்க வேண்டும். பின்பக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்பியது.

இனி, மங்கிப்போன எழுத்தைப் படிக்க வாங்கிய விளக்கு விஷயம். முதலில் வாங்கிய புற ஊதா டார்ச் 365 நானோமீட்டர் என்று சொல்லி விற்கப்பட்டது. வந்தது 395. பொத்தானை அழுத்தியதும் அறையெல்லாம் ஊதா வெளிச்சம். தாள் ஒளிர்வதே தெரியவில்லை. விற்றவர் பதிலும் போடவில்லை, பணமும் தரவில்லை. மூன்று வாரம் வீணானது. இரண்டாவது விளக்கு உண்மையான 365. முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி பொருத்தியது. இரண்டு மடங்கு விலை, ஆனால் ஒவ்வொரு காசுக்கும் தகும்.

அந்தக் காலத்து மை அன்னபேதி என்ற இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்ந்தது. வயதானால் வெளிர்பழுப்பாகி, தாளின் பழுப்போடு கலந்துவிடும். ஆனால் புற ஊதாவில் தாள் மங்கலாக ஒளிரும், மை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாக நிற்கும். கண்ணுக்கு மறைந்த எழுத்து இருட்டறையில் எழுந்து வரும். இதற்கு ஒரு நிபந்தனை: அடியில் வெள்ளைத்தாள் கூடாது. இன்றைய வெள்ளைத்தாளில் சேர்க்கும் பளபளப்பூட்டி நீலமாகக் கண்ணைப் பறித்து, மேலே இருக்கும் பழைய தாளின் மெல்லிய ஒளிர்வை அமுக்கிவிடும். கறுப்பு அட்டை வைத்த அன்றுதான் எனக்கு ஒழுங்கான முதல் படம் கிடைத்தது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, பத்து விநாடி திறந்து வைத்தேன். கண்ணுக்குத் தடுப்புக் கண்ணாடி கட்டாயம்.

மருந்து தடவி மையை மீட்கலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். மாட்டவே மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் பழஞ்சுவடிகளுக்கு மாசிக்காய்ச் சாறு தடவிப் படித்தவர்கள் விட்டுப்போன கறையை நூலகங்கள் இன்றும் சுமக்கின்றன. தாளிலிருந்து பிரிக்கத் தண்ணீரில் போடவும் இல்லை. போட்டிருந்தால் எனக்கு விடையே கிடைத்திருக்காது.

மூன்று மாதம் முகப்பையே படமெடுத்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை இடுக்கியால் திருப்பி, மறுபக்கத்தில் விளக்கைக் காட்டினேன். ஸ்டாம்ப் சீட்டின் பின்பக்கம் என்றால் இது சீட்டின் முன்பக்கம் அல்லவா? வெற்றுப் பழுப்பாக இருந்த இடத்தில் ஒரு வரி கையெழுத்து வந்தது. தொகையை எழுத்தால் எழுதும் வரி!

ஆனால் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கூட்டெழுத்து. படிக்கப் பழகியவர்களுக்கு இந்த வேதனை தெரியும். ‘என்’ (n) என்றால் இரண்டு சாய்கோடு. ‘ஈ’ (e) என்றாலும் ஏறக்குறைய அதே இரண்டு சாய்கோடு. ‘யூ’வும் (u) அதுவே, தலைக்கு மேல் ஒரு பிறைக்கோடு மட்டும் கூடுதல். என் கண்ணுக்குத் தெரிந்தது எட்டுச் சாய்கோடு, ரம்பப் பல் போல வரிசையாக. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் மேலே ஒரு சின்னப் பிறை. அதன்பின் ‘ஹுன்’, அங்கே கத்தரி விழுந்திருக்கிறது.

மேல்மாடியில் தொண்ணூறைத் தாண்டிய ஓர் அம்மையார் இருக்கிறார். அந்த மரபில் வந்த ஸ்யூட்டர்லின் எழுத்தை, 1941இல் நிறுத்தப்படும் முன்பு பள்ளியில் கற்றவர். படத்தைக் காட்டி முடிப்பதற்குள், “நொய்ன்” (neun) என்றார். ஒன்பது. நொய்ன்ஹுண்டர்ட், தொள்ளாயிரம். கீழே பாதி தெரிந்த சொல் ‘மார்க்’ என்றும் சொன்னார்.

இந்த ஸ்டாம்பின் காலமான 1880களில் வரி விகிதம் இப்படி: 200 மார்க் வரை 10 ஃபென்னிக், 400 வரை 20, 600 வரை 30, 800 வரை 40, ஆயிரம் வரை 50. முப்பது ஃபென்னிக் என்றால் தொகை நானூறுக்கு மேல், அறுநூறுக்குள். நானூறு, ஐந்நூறு, அறுநூறு என்ற மூன்று ஜெர்மன் சொற்களில் எதுவும் வெறும் ரம்பப் பல்லாகத் தொடங்காது. ஐந்நூறுக்கும் அறுநூறுக்கும் முதல் எழுத்தே கோட்டுக்குக் கீழே நீளமாக இறங்கும். நானூறில் ‘ஐ’யின் (i) புள்ளி வேண்டும். இங்கே அவை எதுவும் இல்லை. தொள்ளாயிரம் என்றால் ஐம்பதுதான்.

அடுத்து அகச்சிவப்பு ஒளியில் படமெடுப்பது. மாசிக்காய் மை அதில் வெளிறிவிடும் என்பதால், எண்ணின் மேல் ஓடும் பேனாக் கோடு விலகி அச்சு எண் தனியாகத் தெரிய வேண்டும். அச்சு மையும் கூடவே மறைந்துபோகாமல் இருந்தால் கண்ணாலும் பார்த்துவிடலாம். பழைய கேமரா ஒன்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் உள்வடிகட்டியை எடுத்துத் தர ஒரு பழுதுபார்ப்பவரிடம் பேசியிருக்கிறேன். அந்தக் கேமரா வந்தால் வேறொரு வேலையும் காத்திருக்கிறது: அதே பெட்டியில் கிடைத்த தொழிலாளர் காப்பீட்டு அட்டை ஒன்று. 1891இல் தொடங்கிய முதுமை, ஊனமுற்றோர் காப்பீட்டுக்காக வாரம் ஒரு ஸ்டாம்ப் ஒட்டிய அட்டை. கூலி வகுப்புக்கு ஏற்ப முதலில் 14, 20, 24, 30 ஃபென்னிக்; பாதி முதலாளி, பாதி தொழிலாளி. ஒரு மனிதனின் வேலை நாட்கள் முழுவதும் வரிசையாக ஒட்டியிருக்கிறது. அதற்குத் தனிப் பதிவு எழுதியாக வேண்டும்.

இந்த ஸ்டாம்பில் ஆண்டு மட்டும் பாக்கி. தேதியில் 14 தெளிவு. மாதத்தை எண்ணால் அல்ல, எழுத்தால்தான் எழுத வேண்டும் என்பது விதி. கடைசி எழுத்தின் வால் கோட்டுக்குக் கீழே சுழிந்து இறங்குவதால் அது மே இல்லை, மார்ச். அச்சிட்ட 18-க்குப் பின் ஒரு 8. அடுத்தது 1 அல்லது 7. ஜெர்மானியர் 1-க்கு முன்னால் நீண்ட ஏறுகோடு போடுவார்கள், அதனால் 7 போலவே நிற்கும். 7 என்றால் நடுவில் ஒரு சிறு குறுக்குக்கோடு இருக்கக்கூடும். அந்த இடத்தில்தான் தாள் நார் உரிந்திருக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பேனா அழுத்திய பள்ளம் தெரிகிறதா என்று நாளை இரவு பார்க்கப்போகிறேன். அதுவரை ஆல்பத்தில் 81, 87 இரண்டும் பென்சிலில் இருக்கின்றன.