மருந்து குடிக்காத வேர்

நோய் வந்த தென்னையின் வேரில் மருந்துப் பையை நாலு தடவை கட்டியாயிற்று. பை நிறைய மருந்து அப்படியே நின்றது.

கொல்லையில் மூன்று தென்னை. நடு மரத்துக்குத் தஞ்சாவூர் வாடல், வேரையும் தூரையும் அழுகவைக்கிற பூசண நோய். 1952இல் எங்கள் மாவட்டத்தில் முதலில் பதிவானதாம், அதனால் ஊர் பெயரே நோய்க்கு. ரொம்பப் பெருமை! ஆடியில் தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிவதைப் பார்த்தேன். அப்போது முழங்கால் உயரம். அடிமட்டைகள் பாவாடைபோலத் தொங்கியதை அதுவரை தண்ணீர்க் குறை என்றே நினைத்திருந்தேன். சாறு எட்டிய இடத்தில் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன்.

பூசணத்தைக் கொல்ல மண்ணில் போர்டோ கலவை 40 லிட்டர் (மயில்துத்தம் 400 கிராம், சுண்ணாம்பு 400 கிராம்) ஊற்றியது ஒரு மணி நேர வேலை. உயிரை வாங்கியது வேரில் மருந்து கட்டுவதுதான். 100 மில்லி தண்ணீரில் 2 மில்லி ஹெக்சகோனசோல் என்ற பூசணக்கொல்லி. அதைப் பையில் ஊற்றி, சீவிய வேர் நுனியை உள்ளே முக்கிக் கட்ட வேண்டும், மரம் உறிஞ்சிக்கொள்ளும். காகிதத்தில் படிக்கச் சுலபம். மண்ணைக் கிளறினால் கையில் வருவதெல்லாம் கறுத்த வேர், நசுக்கினால் தூள். பென்சில் கனத்தில், உள்ளே வெள்ளையாக ஈரம் இருக்கிற வேர் வேண்டும். முதல் தடவை கிடைத்ததை நேராக வெட்டிவிட்டேன். சாய்வாகச் சீவ வேண்டும். இரண்டாவது தடவை நுனி பையின் அடியைத் தொடவில்லை. மூன்றாவது தடவை நூல் தளர்ந்து மருந்து மண்ணுக்குப் போனது. நாலாவது தடவை ஒரு குறையும் இல்லை. புது பிளேடு, இரட்டை முடிச்சு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

அதே கையால், அதே பையை, நோய் வராத கிழக்கு மரத்துக்குக் கட்டினேன். சாயங்காலம் கட்டியதை விடிவதற்குள் உறிஞ்சிவிட்டது. என் முடிச்சில் தப்பில்லை. நடு மரத்துக்குக் குடிக்க வேர் இல்லை.

கோட்டைத் தாண்டிச் சாறு இடுப்புக்கு வந்துவிட்டது. தூரில் பிறை மாதிரி பளபளப்பாக ஒரு காளானும் எட்டிப் பார்க்கிறது. வெட்டுவதென்று முடிவு செய்தேன். அம்மா ஒப்பவில்லை.

"2018ல கஜா புயலுக்கே அசையாம நின்ன மரம்டா. மட்டை தொங்குனதுக்குப் போயி வெட்டுவாங்களா?"

"அது சாஞ்சா சமையக்கட்டு மேலதான்மா விழும்."

அதற்கப்புறம் அம்மா பேசவில்லை. குரும்பை உதிர்ந்து கிடந்ததை மட்டும் பெருக்கி அள்ளினாள்.

இடையில் ஒரு புலம்பல். கடையில் வாங்கிய வேப்பம் புண்ணாக்கில் பாதி மணல். வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடுத்த முறை செக்குக்கே போய் வாங்குவேன். மற்ற இரண்டுக்கும் மரத்துக்கு 5 கிலோ போட வேண்டும், டிரைக்கோடெர்மாவும் உண்டு, நோய்ப் பூசணத்தை அடக்குகிற நல்ல பூசணம். போர்டோ ஊற்றிய கையோடு அதைப் போட்டால் அதுவும் செத்துப்போய்க் காசுக்குக் கேடு என்பதால் தள்ளி வைத்திருக்கிறேன். நடுவில் வாழை வைக்கவும் ஆசை. பூவன் கன்று சொல்லியாயிற்று.

ஆனால் மரமே இன்னும் நிற்கிறது. ரம்பம் கொண்டுவருகிறவர் தரையோடு அறுத்துத் தருவாராம், தூரைத் தோண்ட மாட்டாராம். தூர் மண்ணில் கிடந்தால் பூசணமும் அங்கேயே கிடக்கும், வெட்டியும் பயனில்லை. தோண்டுகிற ஆள் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமென்று, நோய் வேர் மற்ற மரங்களின் வேரைத் தொடாதபடி, நோய் மரத்தைச் சுற்றி ஓரடி அகலம், மூன்றடி ஆழத்தில் பள்ளம் எடுக்கிறேன். கிழக்குப் பக்கம் முடிந்தது. மேற்கில் தண்ணீர்க் குழாய் குறுக்கே வந்து நிற்கிறது.