பெயர் தெரியாத ஆறுபட்டைப் படிகம்

ஜூன் 4

கற்கள் போட்டு வைக்கும் டப்பாவின் அடியில் ஒரு படிகம் கிடைத்தது. சீட்டு எதுவும் இல்லை. வெளிர் பச்சை, நான்கு சென்டிமீட்டர் நீளம், ஆறு பட்டை. ஒரு முனை உடைந்திருக்கிறது. மறுமுனையில் சின்னச் சின்னச் சாய்வு முகங்கள், நடுவில் உச்சியைச் சீவிவிட்டது போல ஒரு தட்டை முகம்.

ஆறு பட்டையைப் பார்த்ததும், அப்படி வளரும் பொதுவான கனிமமான ‘குவார்ட்ஸ்’ என்று ஒரு சீட்டில் எழுதிவிட்டேன். நிறத்தை வைத்துப் பெயர் சொல்லக் கூடாது என்பேன். பட்டையை எண்ணிச் சொல்வது மட்டும் என்ன வாழ்ந்தது?

ஜூன் 5

லென்ஸில் பார்த்தேன். குவார்ட்ஸின் பட்டைகளில் குறுக்காகக் கோடுகள் ஓடும். இதில் மெல்லிய கோடுகள் நெடுக்காக இருக்கின்றன. குவார்ட்ஸில் அந்தத் தட்டை உச்சியும் மிக அரிது. சீட்டில் எழுதியதன் மேல் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஜூன் 7

ஒரு சந்தேகம் விடவில்லை. இரண்டு பட்டைகள் அகலம், மற்ற நான்கும் ஒடுக்கம். மேலிருந்து பார்த்தால் நசுங்கின அறுகோணம். இது உண்மையான அறுகோணம்தானா? அப்படியென்றால் அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையே ஒவ்வொரு கோணமும் 120 பாகை இருக்க வேண்டும்.

பட்டையின் அகலம் ஏமாற்றும், கோணம் ஏமாற்றாது. படிகம் எப்படிக் கோணலாக வளர்ந்தாலும் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறாது என்பதை டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ 1669-லேயே குவார்ட்ஸில் கண்டு எழுதிவிட்டார். அதை அளக்க 1780-இல் கராஞ்ஜோ ஒரு கருவி செய்தார். என்னிடம் இருப்பது குண்டூசியில் கோத்த இரண்டு அட்டைத் துண்டுகள், அவற்றின் விரிவை அளக்கப் பள்ளிக்கூடப் பாகைமானி.

முதலில் 113 பாகை வந்தது. திரும்ப அளந்தால் அதே விளிம்பு 124! அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: அட்டைகள் விளிம்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், நான் சாய்த்துப் பிடித்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அட்டைக்கும் கல்லுக்கும் இடையே ஒளி கசியாதபடி வைத்து மறுபடி அளந்தேன். 119, 120, 121, 121, 119, 121. கூட்டினால் 720 வர வேண்டும், 721 வருகிறது. அட்டைக்கு இது போதும்.

பார்வைக்கு அறுகோணம் போலத் தெரியும் அரகோனைட் என்னும் கனிமமாக இருந்தால் இரண்டு விளிம்புகளில் 116-ம் மற்ற நான்கில் 122-ம் கிடைத்திருக்கும். ஆக, நசுங்கினாலும் இது அறுகோணம்தான்.

ஜூன் 8

இன்று சாய்வு முகங்கள். இவை அரிசி அளவுதான், அட்டை நிற்கவே மாட்டேன் என்கிறது. நுனியைக் கத்தரித்துக் கூர்மையாக்கிய பிறகு சரிப்பட்டது. சாய்வு முகத்துக்கும் அதன் கீழ்ப் பட்டைக்கும் இடையே 129, 131, 130. குவார்ட்ஸில் இந்தக் கோணம் ஏறக்குறைய 142. பன்னிரண்டு பாகை வித்தியாசத்தை என் கைநடுக்கத்தின் மேல் போட முடியாது. குவார்ட்ஸை அடித்துவிட்டேன்.

நெடுக்குக் கோடும் தட்டை உச்சியும் பெரில் என்னும் கனிமத்துக்கும் உண்டு. பச்சைப் பெரில் என்றால் மரகதத்தின் உறவு. மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் 130 பாகைக்குப் படிகக் கோண அட்டவணையில் பொருந்தி வருவது அப்படைட் என்னும் வேறொரு கனிமம்.

ஜூன் 10

உடைந்த முனையில் கத்தியை அழுத்தி இழுத்தேன். கோடு விழுந்தது. சில சமயம் கத்தியின் இரும்புதான் கல்லில் தேய்ந்து கோடாகத் தெரியும். அதனால் ஈர விரலால் துடைத்துப் பார்த்தேன், பள்ளம் போகவில்லை. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை குறிக்கும் மோ அளவில் பெரில் ஏழரைக்கு மேல், கத்தி அதை ஒன்றும் செய்யாது. அப்படைட் 5. மரகதக் கனவு முடிந்தது.

அப்புறம் எடை. கல் 16.3 கிராம். தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, கல்லை நூலில் கட்டி அடியில் தொடாமல் முக்கினால் 5.1 கிராம் கூடுகிறது. கல்லின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி 3.2. பெரில் 2.7 சுமாருக்குத்தான் வரும். அப்படைட்டுக்கு 3.2 சரி.

ஜெர்மன் கனிமவியலாளர் வெர்னர் 1786-இல் அப்படைட்டுக்குப் பெயர் வைத்தபோது ‘ஏமாற்று’ என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தாராம். பெரில் என்றும் வேறு பலவாகவும் எல்லோரும் தவறாக எண்ணியதால். என் பழைய சீட்டைக் கிழிக்கவில்லை, அதன் பின்பக்கத்தில் ‘அப்படைட்’ என்று எழுதி டப்பாவில் போட்டேன்.