நீலகிரி மலை ரயிலுக்குப் பின்புலம் அமைத்தல்

கணினியில் நான் உருவாக்கிவரும் மாதிரி ரயில்பாதை, மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, 46 கிலோமீட்டர் ஓடி, 2,200 மீட்டரைத் தாண்டி உதகமண்டலத்தை அடையும் நீலகிரி மலைப்பாதை. தண்டவாளத்தையும் பாலங்களையும் அளவெடுத்து அமைத்துவிடலாம்; பின்னால் நிற்கும் மலை நம்பும்படி அமையாவிட்டால் நீராவி எஞ்சினும் பொம்மையாகவே தெரியும்.

கல்லாற்றில் பாக்குத் தோப்பு, அதற்கு மேல் அடர்காடு, குன்னூரை நெருங்கும்போது தேயிலைச் சரிவு எனக் காட்சி மாறிக்கொண்டே போவதால், பாதை முழுவதற்கும் ஒரே படம் சரிப்படாது. பகுதிக்கொரு பின்புலம் செய்து, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் குகைக்குள் மறைத்திருக்கிறேன். வழியில் 16 குகைகள் இருப்பது இதற்குப் பெரிய வசதி.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள பல்சக்கரப் பாதை, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் பெட்டியே ஏறத்தாழ நாலரை டிகிரி சாய்ந்திருப்பதால், சன்னல் சட்டத்தை மட்டமாக வைத்து எடுத்த படங்களில் மரங்களெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும். சரிவுக்கு மட்டம் கிடையாது என்பதால், நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரத்தின் தண்டையே தூக்குக்குண்டாகக் கொண்டு படத்தை நிமிர்த்துகிறேன்.

ஆனால் தொலைவை உண்டாக்குவது நிறம்தான். காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால், மலை விலக விலக அதன் நிழல்கள் வெளுத்து, பச்சை நீலத்தில் கரைகிறது. ஆகவே ஒவ்வொரு மலைத்தொடரையும் தனி அடுக்காக வெட்டி, பின்னால் போகப் போக வண்ணச் செறிவைக் குறைத்து, அடிவானத்தின் நிறத்தைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். கடைசி மலையில் இலை இலையாகத் தெரியும் துல்லியத்தைப் பலர் விட்டுவைக்கிறார்கள். என் பார்வையில் காட்சியைக் கெடுப்பது அதுவே.

வானத்தை நீக்கிய மரங்களின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தோன்றுவதுண்டு. படம் சிறிதாகும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒளிபுகும் புள்ளிகளில் மிஞ்சியிருக்கும் வெண்மையும் இலையின் நிறத்தோடு கலப்பதே காரணம். அப்புள்ளிகளிலும் இலையின் பச்சையை நிரப்பிவிட்டால் கோடு மறைந்துவிடும்.

படங்களை மேகமூட்டமான நாளில் எடுப்பதே நல்லது. அழுத்தமான நிழல் விழாத மலை, மென்பொருளின் சூரியன் கிழக்கில் இருந்தாலும் மேற்கில் இருந்தாலும் உறுத்தாமல் பொருந்திக்கொள்ளும்.