ஊர்க் காலநிலைத் திட்டமா? முதலில் சர்வே நம்பரை எடுங்கள்

எங்கள் ஊர்ச் சதுப்பில் வேலை தொடங்கலாம் என்ற உத்தரவு ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் எழுதிக் கொடுத்த காலநிலைத் திட்டத்தில் அது ஒரு பகுதிதான். மீதி இன்னும் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடைப்பட்ட சரிவு என்பதோடு விட்டுவிடுங்கள். நாளைக்கும் அதே அலுவலகப் படியில்தான் ஏற வேண்டும்.

திட்டம் எழுதியது சுலபமாகவே முடிந்தது. மகளிர் குழு, சிறு தேயிலை விவசாயிகள், பள்ளி ஆசிரியர் ஒருவர் என்று சில ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதிவிட்டோம். ஊருக்கு மேலே இருக்கும் சதுப்பில் மண்டிக் கிடக்கும் சீகை (வாட்டில்) மரங்களை எடுத்து ஊற்றைப் பிழைக்க வைப்பது, வீடுகளுக்கு மேலே உள்ள மழைநீர் ஓடைகளைச் சரிசெய்வது, குடிநீர் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பது, உறைபனிக்கு முன்னேற்பாடு. இவ்வளவுதான்.

முதல் முட்டுக்கட்டை ஒன்றிய அலுவலகத்தில். எழுத்தர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். ஆனா காலநிலைன்னு நிதி ஹெட் எதுவும் கிடையாதுங்களே, இதை எதுல சேக்கறது? ஊட்டிக்குக் கொண்டு போங்க" என்று கோப்பைத் திருப்பி நீட்டினார். ஊட்டியில் ஒரு பிரிவில் அரை நாள் நின்ற பிறகு, "ஊராட்சித் திட்டம்னா ஒன்றியத்துலதானே குடுக்கணும்?" என்றார்கள். அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

வழி சொன்னவர் ஓய்வுபெற்ற ஊராட்சிச் செயலர் ஒருவர். "இதை முழுசா தூக்கிட்டுப் போனா யாரும் வாங்க மாட்டாங்க தம்பி. பிரிச்சுக் குடு" என்றார். அவர் சொன்னதன் சாரம் இது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு ஒன்பது கருப்பொருள்கள் உண்டு. தண்ணீரில் தன்னிறைவு பெற்ற ஊர் என்பது ஒன்று, தூய்மையும் பசுமையுமான ஊர் என்பது இன்னொன்று. அப்போதிருந்த 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட முடிந்தது. அன்றைய நூறு நாள் வேலையில் மண், நீர், மரம் சார்ந்த வேலைகளுக்கு முன்னுரிமை இருந்தது. ஆக, காலநிலை என்ற தலைப்பு அட்டையில் இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே ஒவ்வொரு வேலையும் தனித்தாளில், எந்த நிதி, எந்த இடம், யார் நிலம் என்பதோடு இருக்க வேண்டும். ஒன்றிய அலுவலகத்தில் யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் ஊட்டிப் பயணம் மிச்சமாகியிருக்கும்.

பிரித்து எழுதியதில் எதிர்பாராத நன்மை ஒன்று. எங்கள் குடிநீர்க் கிணறு பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மோட்டார் வைத்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிறோம். ஊராட்சி கட்டும் கரண்ட் பில்லில் பெரிய பங்கு அதற்குத்தான். மேலே உள்ள ஊற்று பிழைத்தால் தண்ணீர் தானாகவே தொட்டிக்கு இறங்கும், மோட்டார் ஓட வேண்டிய நேரம் குறையும். வறட்சிக்கான தகவமைப்பும் மின்சாரத்தில் கார்பன் தணிப்பும் ஒரே வேலையில் வந்துவிடுகின்றன. இந்தப் பத்தியைப் படித்த உதவிப் பொறியாளர், முதல் தடவையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, "ஊத்து குறையுதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" நல்ல வேளையாக மகளிர் குழு அக்கா ஒருவர் கோடு போட்ட நோட்டில் கணக்கு வைத்திருந்தார். பத்து லிட்டர் பக்கெட்டைக் குழாயடியில் வைத்து, செல்போனில் நேரம் பார்த்து, மாதாமாதம் எழுதியது. டிசம்பரில் நொடிக்கணக்கில் நிறையும் பக்கெட், மார்ச்சில் வைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். பொறியாளர் அந்த நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் கலர் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோன படங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டம் போடும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே ஒரு பக்கெட்டையும் நோட்டையும் எடுங்கள். ஒரு கோடையாவது பதிவாகியிருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். எங்கள் ஊராட்சிக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது சபை செல்லும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் போதும். இலை பறிப்பை விட்டுவிட்டு ஆள் திரட்டியது மகளிர் குழுதான். தீர்மானமும் நிறைவேறியது, கை தட்டினோம், கலைந்தோம். நகல் வாங்கிப் பார்த்தால் அதில் "ஊருக்கு மேற்புறம் உள்ள சதுப்பு நிலத்தை மேம்படுத்துதல்" என்று ஒரே வரி. நாங்கள் எழுதிக் கொடுத்த தாளில் இருந்த சர்வே எண், பரப்பு, வேலை விவரம் எதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறவில்லை. "இடம் எதுன்னே தெரியலயே, எஸ்டிமேட் எப்படிப் போடறது?" என்று திருப்பிவிட்டார்கள். ஏன் விட்டீர்கள் என்று எழுதியவரைக் கேட்டதற்கு, "இடம் பத்தலைங்க" என்றார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் பாதி காலியாகக் கிடந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் கையெழுத்துப் போடும் முன்பே தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கையெழுத்தான பிறகு ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமென்றாலும் அடுத்த கிராம சபைதான். நவம்பர் சபையையும் தவறவிட்டதால் எங்களுக்கு அது 2025 ஜனவரி 26. இடையில் ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்துபோனது. கூடவே அலைந்த தலைவர் வெறும் ஊர்க்காரராகிவிட்டார். அந்த இடத்துக்குத் தனி அலுவலர் வந்தார். அவருக்கு எங்கள் சதுப்பு எது, ஓடை எது என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மனிதர் நல்லவர். ஆனால் அவர் கையில் எத்தனையோ ஊராட்சிகள்.

நிலம்தான் உண்மையான தலைவலி. சதுப்பு என்று நாங்கள் ஒரே வார்த்தையில் சொல்வது, வி.ஏ.ஓ.வின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் மூன்று துண்டு. கீழ்த்துண்டு கூட்டுப் பட்டா, நடுவில் ஓடைப் புறம்போக்கு, மேல்துண்டு காப்புக்காடு. கூட்டுப் பட்டாவில் இருந்த பெயர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. வாரிசுகள் மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் இருக்கிறார்கள். சம்மதக் கடிதம் வாங்க முடியாது என்று தெரிந்ததும் அந்தத் துண்டை எஸ்டிமேட்டிலிருந்தே எடுத்துவிட்டோம். மனசில்லாமல்தான். ஆனால் அதை எடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. முழுச் சதுப்பையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இப்போதும் நின்றிருப்போம்.

பக்கத்து ஆதிவாசிக் கிராமத்தாருக்கு வேறொரு சிக்கல். அவர்கள் ஊற்று காட்டுக்குள்ளே. குழாய் போடக் கேட்டதற்கு, டெல்லி வரை போக வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்தி அனுப்பிவிட்டார். வன உரிமைச் சட்டம், 2006-இன் 3(2) பிரிவில் குடிநீர்க் குழாய், சிறு நீர்நிலை, மழைநீர் சேகரிப்பு உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அந்தப் பிரிவின் நகலை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தோம். கோரிக்கையோடு சேர்த்து நீட்டியதும் டெல்லிப் பேச்சு நின்றுவிட்டது.

அப்புறம் மரம். சீகையை எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த அந்நிய மரம், தண்ணீரை உறிஞ்சுகிறது, சதுப்பை மூடுகிறது என்று அதிகாரிகளே மேடையில் பேசுகிறார்கள். ஆனால் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் சொந்தப் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். மாவட்டக் குழு பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்கு மரங்களின் எண்ணிக்கை, சுற்றளவு, வரைபடம், வி.ஏ.ஓ. சான்று எல்லாம் வேண்டும். வனவர் வந்து எண்ண ஒரு நாள் குறித்தார். மழை, மூடுபனி என்று தள்ளித் தள்ளிப் போனது. வந்த அன்று சதுப்பில் முழங்கால் வரை இறங்கி, ஒவ்வொரு மரத்துக்கும் டேப் பிடித்து, சுண்ணாம்பில் எண் போட்டோம். வழுக்கி விழுந்த மகளிர் குழு அக்கா எழுந்து நின்று, "என்னையும் எண்ணிக்கோங்க சார்" என்றார்.

வெட்டுவதோடு சீகை தீராது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சம் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்துவிடும். வெட்டிய இடத்தில் தொடர்ந்து சில வருடங்களாவது கன்றுகளைப் பிடுங்க வேண்டும். எஸ்டிமேட்டில் முதல் வருடச் செலவை மட்டும் போட்டுவிட்டுப் போவதுதான் வழக்கம். நாங்கள் சண்டை பிடித்துப் பிடுங்கும் வேலையையும் அடுத்தடுத்த வருடங்களுக்குச் சேர்க்க வைத்தோம். கையால் செய்யும் வேலை, மெஷின் தேவையில்லை. நீலகிரியில் ஜேசிபி இறக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதிக்கு நிற்க வேண்டும் என்பதால் அதுவும் வசதியாகப் போனது.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. எஸ்டிமேட் நகலில், நாங்கள் கேட்காத ஒரு வேலை இருந்தது: வீடுகளுக்கு மேலே உள்ள சரிவில் வரிசையாக நீர் உறிஞ்சும் குழிகள். சமவெளிக்கான மாதிரி எஸ்டிமேட்டிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. நிலத்தடி நீர் ஏறும், கூலி வேலை நாள் கணக்கும் கூடும், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைத்திருப்பார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதும், மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணோடு போனதும் எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. வெட்டிச் செங்குத்தாக்கிய சரிவில் தண்ணீர் ஊறி மண் கனத்தால் என்ன ஆகும் என்று புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்கு மேலே விழும் தண்ணீர் தேங்காமல் ஓடைக்குப் போய்விட வேண்டும். சதுப்பில் விழும் தண்ணீர் அங்கேயே நிற்க வேண்டும். ஒரே மலையில் இரண்டு இடத்துக்கும் நேரெதிர் வைத்தியம்.

இதைச் சொல்லப் போன எங்களிடம், "பணம் வருதேன்னு பாக்காம வேண்டாங்கறீங்களே" என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர் பதில் பேசவில்லை. பொறியாளரைக் கூட்டிக்கொண்டு போய், அந்தக் குழிகள் வரவிருந்த இடத்துக்கு நேர் கீழே தன் மகன் வீட்டு வாசலில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னார். குழிகள் அன்றைக்கே எஸ்டிமேட்டிலிருந்து போயின. ஆகவே எஸ்டிமேட் நகலை வாங்காமல் விடாதீர்கள். கொடுக்க மறுத்தால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எங்களுக்கு மனு எழுதியதே போதுமாக இருந்தது, அனுப்பும் முன்பே நகல் கிடைத்துவிட்டது.

கடைசியில் பூட்டைத் திறந்தது ஒரு சின்ன விஷயம். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கலெக்டர்தான் இயக்குநர், மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். மரத்துக்கான அனுமதி யாருடைய பார்வைக்குப் போகிறதோ அவரே மாவட்டத்தின் காலநிலை அலுவலரும்! இது தெரிந்ததும் மனுவைப் புதிதாக எழுதினோம். மேலே காலநிலை அலுவலர் என்று விளித்து, ஊற்று நோட்டின் நகல், தீர்மானம், மரப் பட்டியல் மூன்றையும் ஒன்றாக இணைத்து, ஒன்றியத்துக்கு ஒரு நகல் போட்டோம். அதுவரை மரக் கோப்பு ஒரு பக்கம், ஊராட்சிக் கோப்பு ஒரு பக்கம் கிடந்தன. அதன் பிறகு ஒரே ந.க. எண்ணில், அதாவது ஒரே கோப்பு எண்ணில், இரண்டையும் குறிப்பிட்டுக் கடிதம் வந்தது. அந்த எண்ணை மகளிர் குழு அக்கா தன் செல்போன் கவருக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறார். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் காட்டுகிறார், உடனே கோப்பு வெளியே வருகிறது.

உறைபனிப் பகுதியை யாரும் தொடவில்லை. அதற்கு எந்த நிதியும் பொருந்தவில்லை என்கிறார்கள். வழக்கம்போல் தாகைச் செடியை வெட்டித் தேயிலைக் கன்றுகளை மூடிக்கொள்கிறோம்.

ஓடை வேலை பாதியில் நிற்கிறது. ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் நீளத்தைத் தூர்வாரக் கணக்கு வந்துவிட்டது. ஆனால் ஓடை சாலையைக் கடக்கும் சிறுபாலம் வேறு துறையுடையது, அதன் வாயில் பாதி மண் அடைத்துக் கிடக்கிறது. மேலே தூர்வாரிவிட்டுப் பாலத்தை அப்படியே விட்டால் தண்ணீர் மொத்தமும் அங்கே முட்டித் திரும்பும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது முடிய வேண்டும். மாவட்டத்தின் 283 அபாயப் பகுதிகள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. பட்டியலில் இல்லாத சிறுபாலத்தை எந்த வழியில் சரிசெய்ய வைத்தீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மனு தயாராக இருக்கிறது, யார் பெயருக்கு எழுதுவது என்பதுதான் பாக்கி.