மீன்பிடிக் கப்பல் கண்ணிவெடி வாரிய கதை

முதல் உலகப் போரில் கண்ணிவெடி வார பிரிட்டன் கடற்படை வாடகைக்கு எடுத்தது மீன்பிடி டிராலர்களை, அதாவது வலையை இழுத்துக்கொண்டு ஓடும் கப்பல்களை. 1910-லேயே இதற்கென்று தனி ரிசர்வ் பிரிவு தொடங்கிவிட்டார்கள். கம்பிவடம் இழுக்கும் வின்ச்சும் பழகிய கைகளும் தயாராக இருந்தனவே!

இரண்டு டிராலர் இணையாகப் போகும், நடுவே ஒரே வடம். அதை ஆழத்தில் அமுக்கிப் பிடிக்க 'காத்தாடி' என்றொரு கனத்த மரச்சட்டம். கண்ணியைக் கடலடியில் கட்டியிருக்கும் நங்கூரக் கம்பி வடத்தில் பட்டு அறுந்து, கண்ணி மிதந்ததும் துப்பாக்கியால் சுடுவார்கள். வெடிக்கக்கூட வேண்டாம், ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினால் மூழ்கிவிடும்.

வினை அடிப்பாகத்தில். டிராலர் ஆழமாக அமிழ்ந்து ஓடும். வற்றத்தில், அதாவது கடல்நீர் இறங்கும்போது, கண்ணி நீர்மட்டத்தை நெருங்கிவிடும். அதனால் நீர் ஏற்றத்தில் வாருவதே பத்திரம். வடத்தில் கண்ணி சிக்கியது தெரியாமல் வின்ச்சைச் சுற்றினால் குண்டு நேராகக் கப்பலின் பின்பக்கத்துக்கே வந்து சேரும்.

1915 மார்ச், துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணை: எதிர்நீரோட்டத்தில் டிராலர்களுக்கு ஆள் நடக்கிற வேகம்தான். கரைப் பீரங்கிக்கு அது போதாதா?