கடை வாசலில் நாலு ஸ்டூல் போட யாரைக் கேட்பது?

வியாசர்பாடியில், எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சாலையில் அத்தோ கடை நடத்துகிறேன். வடசென்னைக்காரர்களுக்கு அத்தோவைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு வந்த நூடுல்ஸ் சாப்பாடு, தள்ளுவண்டிகளில் வளர்ந்தது. கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுநடுவே வாழைத்தண்டு சூப்பை உறிஞ்சியபடி காற்றாட உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள் கடைக்குள் வந்து மேஜையில் உட்கார மாட்டார்கள். உள்ளே இடம் காலியாகக் கிடக்கும், வெளியே ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். அதனால் வாசலில் நாலு ஸ்டூல், ஓரமாக ரெண்டு பூந்தொட்டி, விலைப்பட்டியல் எழுதிய ஒரு ஸ்டாண்டு போர்டு வைக்க விரும்பினேன். வைப்பதற்கு முன்பே கேட்டு, முறையாக வைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். அப்படிக் கேட்டு அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் புதிதாகக் கடை போடுகிறவர்கள் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

"போட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம், இந்தத் தெருவுல யாரு போடல?" என்றுதான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆக்கிரமிப்பு அகற்ற வரும் நாளில் லாரியில் ஏறிப் போவது ஸ்டூல் மட்டுமில்லை, அன்றைய வியாபாரமும்தான். வாடகை, கடன் என்று கணக்குப் போட்டு நடக்கும் கடைக்கு அது தாங்காது. இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் தெருவில் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் தினமும் கோலை ஊன்றிக்கொண்டு வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்துக்கு நடந்து போவார். நடைபாதையில் எதிலாவது கோல் இடித்தால் சாலையில் இறங்கிவிடுவார். லோடு வண்டிகள் வேகமாகத் திரும்பும் சாலை அது. என் கடை ஸ்டூலுக்காக அவர் ஒருநாளும் கீழே இறங்கக் கூடாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாலை யாருடையது என்பது. சென்னையில் எல்லாச் சாலையும் ஒரே கையில் இல்லை. உட்புறச் சாலைகளை அந்தந்த மண்டல அலுவலகம் பார்க்கிறது. பஸ் போகும் பெரிய சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை இருக்கிறது. சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. இதைக் கேட்காமல் மனு எழுதினால் "இது எங்க ரோடு இல்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்களுடையது உட்புறச் சாலை, தண்டையார்பேட்டை மண்டலத்தில் வருகிறது. ஆகவே வார்டு உதவிப் பொறியாளரைப் பார்க்கப் போனேன்.

அவர் பொறுமையாகவே பேசினார். "உங்க தொழில் உரிமம் கடைக்கு உள்ள இருக்கிற இடத்துக்கும்மா. நடைபாதையில நாற்காலி போடறதுக்குன்னு எங்ககிட்ட ஒரு விண்ணப்பமே கிடையாது. தொட்டி வெச்சாலும், போர்டு வெச்சாலும் ஆக்கிரமிப்புதான்" என்றார். இல்லை என்று சொன்னதோடு அவர் விட்டிருந்தால் எனக்கு எதுவும் விளங்கியிருக்காது. அடுத்த நாள் சாலை வேலையைப் பார்க்க வந்தவர், என் கடை வாசலில் நின்று காலால் நடைபாதையைத் தட்டிக் காட்டினார். கீழே மழைநீர் வடிகால் ஓடுகிறது.

இதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. சென்னையில் பல தெருக்களில் வடிகாலின் மூடிதான் நடைபாதை. சாலையில் விழும் மழைநீர் ஓரத்துக் கல்லில் இருக்கும் துளை வழியாக உள்ளே இறங்கி, வண்டல் பிடிக்கும் தொட்டியைத் தாண்டி, வடிகாலில் சேர்ந்து, கால்வாய்க்குப் போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன் அந்த மூடிகளைத் திறந்து வண்டலை அள்ளியாக வேண்டும். மூடியின் மேல் சிமெண்ட் மேடை கட்டினாலோ, பைக் ஏற்ற சரிவு போட்டுத் துளையை அடைத்தாலோ, அள்ள வருகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த மூடிக்குப் போய்விடுகிறார்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை ஒவ்வொரு மழைக்கும் தண்ணீரில் மூழ்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தண்ணீர் வடியவில்லை என்று கேப்டன் காட்டன் கால்வாயைத் திட்டுகிற நாங்களே, எங்கள் வாசலில் தண்ணீர் இறங்கும் துளையை மூடி வைத்திருக்கிறோம். மண் நிரப்பிய தொட்டியை ரெண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. அது அந்த மூடியின் மேல் உட்காரக் கூடாது என்பதில் எனக்கு அதற்குப் பிறகு மறுபேச்சே இல்லை.

பிறகு டேப்பை எடுத்து அளந்தேன். எங்கள் நடைபாதை பார்க்க ஏழடி இருக்கும். அதில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் ஓரிடத்தில் ரெண்டடியை எடுத்துக்கொள்கிறது. தள்ளி ஒரு தூங்குமூஞ்சி மரம் மூன்றடி. நடக்கிறவருக்கு மிஞ்சுவது நாலு, ஐந்தடி. நடந்து போவோருக்கான வசதிகள் பற்றி, சாலைகளுக்கான தர நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று இருக்கிறது. ஏறக்குறைய ஆறடி. ரெண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க அவ்வளவு வேண்டும். கடைகள் நெருங்கிய தெருவில் இன்னும் அதிகம் வேண்டும் என்கிறார்கள். ஆக, பில்லர் பாக்ஸும் மரமும் இருக்கும் இடத்தில் எங்கள் தெரு ஏற்கெனவே கடனில் இருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை மக்களின் வாழ்வுரிமையில் அடங்கும், அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு அதைக் காக்கிறது என்று சொன்னது. பெரியவரின் கோலுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று அதைப் படித்தபோது நிறைவாக இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் சித்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சித்தி மூலக்கொத்தளம் பக்கம் அத்தோ வண்டி போடுகிறார். நான் இந்தத் தொழிலைக் கற்றது அவரிடம்தான். நடைபாதை விஷயத்தில் சட்டம் என்னையும் சித்தியையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும் வரை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளை எடுத்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமை கோரினால் கெடாத பொருளை ரெண்டு வேலை நாளுக்குள்ளும், கெட்டுப்போகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். தெருவோர விற்பனையை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. ஷட்டர் வைத்த கடைக்காரிக்கு இதில் ஒன்றும் கிடையாது. எனக்குச் சுவரும் கூரையும் இருக்கின்றன, சித்திக்கு இருப்பது அந்த இடம் மட்டும்தான். இந்த வித்தியாசம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்ட ஒருவர் ஒரு யோசனை சொன்னார். சித்தி வண்டியைக் கொண்டுவந்து உன் கடை வாசலில் நிறுத்து, ஸ்டூல் எல்லாம் வண்டியுடையது என்று சொல்லிக்கொள் என்றார். சித்தியிடம் கேட்டேன். "இன்னா கண்ணு பேசற? என் கார்டு என் வண்டிக்கு. உன் கடைக்கு இல்ல" என்றார். அவர் சொன்னதுதான் சட்டமும். சான்றிதழ் வாங்குகிறவர் தனக்கு வேறு பிழைப்பு இல்லை, தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வோம், சான்றிதழை வாடகைக்கோ வேறு விதத்திலோ யாருக்கும் மாற்ற மாட்டேன் என்று உறுதி எழுதித் தர வேண்டும். ஸ்டூலுக்காக அந்தக் கார்டுக்கு ஆபத்து வந்தால் சித்தியின் பிழைப்பே போய்விடும். இப்படி யோசனை சொல்கிறவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள்.

நடைபாதையில் முடியாது என்றானதும், கேள்வி வேறாக மாறியது. என் கடையின் எல்லை எங்கே முடிகிறது? ஷட்டருக்கும் நடைபாதைக்கும் நடுவில் சிமெண்ட் பூசிய ஒரு பட்டை இருக்கிறது. அது வீட்டுக்காரருடையதா, தெருவுடையதா என்று அவருக்கே தெரியவில்லை. "எங்க அப்பா காலத்துல அங்க திண்ணை இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னார்.

முதலில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்தோம். டி.எஸ்.எல்.ஆர். என்று சொல்வார்கள். பிளாக் எண்ணும் நகர சர்வே எண்ணும் பத்திரத்தில் இருக்கும், அதை வைத்து இணையத்திலேயே எடுக்கலாம். பக்கத்து இ-சேவை மையத்துப் பெண் எடுத்துத் தந்தாள். கூடவே தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். வெள்ளைத் தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். பதிவேட்டில் எங்கள் சாலையின் அகலம் என்ன, நடைபாதையின் அகலம் என்ன, வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது, இந்தப் பகுதி தெருவோர விற்பனைக்கு அனுமதித்த பகுதியா என்று கேட்டிருந்தேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். "ஏன்", "எப்படி" என்று கேட்காமல், எந்தப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதற்குத்தான் எனக்குத் தெளிவான பதில் வந்தது.

எல்லை அளக்க விண்ணப்பம் கொடுத்ததில்தான் நாள் ஓடிவிட்டது. மனு கொடுக்க வேண்டியவர் நில உரிமையாளர், வாடகைக்கு இருப்பவர் கொடுத்தால் செல்லாது. வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறவர், அவருக்கு லீவு கிடைக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் எங்கள் தாள் மேஜையைவிட்டு நகரவே இல்லை. கடைசியில் சர்வேயர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அளந்து, குறி வைத்தார். பட்டையில் நாலரையடி வீட்டுக்காரர் நிலம். அதைத் தாண்டி இருந்த படிக்கட்டின் கடைசிக் கல் தெருவில் நின்றது. அந்தக் கல்லை அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் எடுத்துவிட்டார், நானும் கூட நின்றேன்.

நாலரையடி கிடைத்தது என்று கூரை போட்டுவிட முடியாது. 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் முன்பக்கம் திறந்தவெளி விட வேண்டும் என்று இருக்கிறது. அங்கே தகரம் அடித்தால், தெரு ஆக்கிரமிப்பிலிருந்து தப்பி கட்டட விதிமீறலில் மாட்டிக்கொள்வோம். ஆகவே நிலையாக எதுவும் கட்டவில்லை. சுவரில் கீல் வைத்த மடக்குப் பலகை ஒன்று, அதன் கீழே அடுக்கி வைக்கும் ஸ்டூல்கள், கடை மூடும்போது எல்லாம் உள்ளே. பூந்தொட்டிகளுக்குப் பதில் ஜன்னல் கம்பியில் சின்னத் தொட்டிகளாகக் கட்டினேன். விலைப்பட்டியல் சுவரோடு ஒட்டியிருக்கிறது. எல்லைக் கோட்டில் வேறு நிற டைல்ஸ் பதித்தேன், ஸ்டூல் கால் அதைத் தாண்டினால் கடைப் பையனே இழுத்துவிடுவான். வாடகை ஒப்பந்தத்தில் இந்த நாலரையடியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அதை எழுத மறக்காதீர்கள். ஒப்பந்தத்தில் "கடை" என்று மட்டும் இருந்தால், நாளைக்கு வீட்டுக்காரர் மாறினால் பேச வழியில்லை.

பக்கத்துப் பஞ்சர் கடை அண்ணன் முதலில் கோபப்பட்டார். "நீ ஒழுங்கா வெச்சுக்கினா, நாங்க மட்டும் தப்பானவங்களா தெரிய மாட்டோமா?" என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. டி.எஸ்.எல்.ஆர். நகலை அவர் வீட்டுக்காரருக்கும் எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கம் மூன்றடிக்கு மேல் இருக்கும் போலிருக்கிறது, அளக்க மனு போட்டிருக்கிறார்கள். டயர் அடுக்கை மட்டும் அவர் இப்போதே சுவரோரம் நகர்த்திவிட்டார்.

இன்னும் தீராதது பைக்தான். என் ஸ்டூல் ஒன்றும் நடைபாதையில் இல்லை, ஆனால் சாப்பிட வருகிறவர்களின் பைக்குகள் ஏறி நிற்கின்றன. பெரியவருக்கு ஸ்டூலும் பைக்கும் ஒன்றுதான். பைக் ஏற முடியாதபடி, ஆனால் சக்கர நாற்காலி நுழையும்படி இடைவெளி விட்டு நடைபாதை முனையில் குட்டைத் தூண்கள் நட்டுத் தரும்படி, தெருவில் கடை வைத்திருப்பவர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்கும் போன் செய்து புகார் எண் வாங்கி மனுவில் குறித்திருக்கிறேன். அது வரும்வரை, ஏழு மணிக்கு மேல் கூட்டம் சேரும்போது கடைப் பையன் வெளியே நின்று, "அண்ணே, வண்டிய எதிர்ல இருக்கிற காலி மனையில போட்டுட்டு வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறான். அந்த மனையின் சொந்தக்காரரிடம் அதற்கு ஒப்புதல் எழுதி வாங்கியிருக்கிறேன்.