திரையில் நிற்கும் விலையும் கைக்கு வரும் காசும்

யாழ்ப்பாணத்தில் பங்குத் தரகரிடம் வருகிற காசு பெரும்பாலும் பொறுமையாகச் சேர்ந்த காசு. முதிர்ந்த நிலையான வைப்பு, ஓய்வூதியப் பணிக்கொடை, வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பியது. ஆனால் முதலில் வருகிற கேள்வி, "தம்பி, எது கெதியா ஏறும்?" என்பதுதான். சிறிய கம்பனிப் பங்கு வாங்குகிறவர் கேட்கவேண்டியது வேறு: "நான் விக்கப் போனா வாங்க ஆள் நிக்குமோ?"

காலை 9.30க்குக் கொழும்புப் பங்குச் சந்தை திறந்தபின் ஒரு சிறிய கம்பனியின் ஓடர் நிரை, அதாவது வாங்கவும் விற்கவும் காத்து நிற்பவர்களின் விலைப் பட்டியல், இப்படி இருக்கிறது என்று வையுங்கள். கடைசியாகக் கைமாறிய விலை 15 ரூபாய். பத்தாயிரம் பங்கு வைத்திருப்பவர் தன்னிடம் 150,000 ரூபாய் இருப்பதாகக் கணக்குப் போடுகிறார். வாங்குவோர் பக்கத்திலோ 14.20க்கு 500, 14.00க்கு 1,200, 13.10க்கு 3,000, அதற்குக் கீழே 12.00க்கு 10,000. அவசரத்துக்கு, விலை குறிக்காமல் கிடைக்கிற விலைக்கு விற்கும் மார்க்கெட் ஓடர் போட்டால் நான்கு படியும் இறங்கி 126,800 ரூபாய்தான் சேரும். சராசரி 12.68. தரகும் மற்றக் கட்டணங்களுமாக 1.12 வீதம் கழிய இன்னும் 1,420 ரூபாய் போகும். அந்த 15 ரூபாய், யாரோ வெறும் நூறு பங்கை வாங்கும்போது ஒரு பங்குக்குக் கொடுத்த விலை.

இரண்டு வருடத்தில் 20இலிருந்து 26க்கு மெல்ல வந்த பங்கில் இந்தப் படிகள் நெருக்கமாக இருக்கும். 21க்கும் 23க்கும் 24க்கும் அது பலரிடம் கைமாறி வந்திருக்கிறது. ஒரு ரூபாய் இறங்கினால், முன்பு தவறவிட்டவர்கள் வாங்கக் காத்திருப்பார்கள். மூன்று கிழமையில் 20இலிருந்து 60க்குத் தாவிய பங்குக்கு இடையில் தரிப்பிடமே இல்லை. திரும்பி விழும்போது 30 வரைக்கும் தாங்க ஆள் இராது. 60க்கு வாங்கியவர் தன் முதலைக் காண, விலை அங்கிருந்து நூறு வீதம் ஏறவேண்டும். போர் முடிந்தபின் 2010இலும் 2011 தொடக்கத்திலும் சிறிய பங்குகள் பல இப்படித்தான் பறந்து, பிறகு இறங்கின.

தரகரிடம் கடன் எடுத்து வாங்கியவருக்கு இந்த வீழ்ச்சி இன்னும் கொடுமையானது. தன் காசு ஒரு இலட்சம், கடன் ஒரு இலட்சம் என்று வாங்கிய பங்கு 30 வீதம் விழுந்தால், பெறுமதி 140,000, கடன் அப்படியே நிற்கும், அவருடையது 40,000. அதுவும் மிஞ்சுமுன்பே போர்ஸ் செலிங், அதாவது கடனை மீட்கத் தரகரே பங்கை விற்றுவிடுவது, வந்துவிடும். அந்த விற்பனையே விலையை இன்னும் கீழே தள்ளி அடுத்தவரையும் விற்கவைக்கும்.

கம்பனிக்கும் சீரான விலை வேண்டும். சிறிய கம்பனி விரிவாக்கத்துக்குக் காசு தேடும்போது உரிமைப் பங்கு வழங்கும், அதாவது இருக்கிற பங்குதாரருக்கே புதுப் பங்கை ஒரு குறித்த விலைக்கு விற்க முன்வரும். 30 ரூபாய்க்கு வழங்குவதாக அறிவித்து, கடைசித் திகதிக்குள் சந்தை விலை 27க்கு வந்துவிட்டால் யார் 30 கொடுப்பார்கள்? திட்டம் பாதியில் நின்று, வங்கிக் கடன் வட்டி ஏறி, இலாபம் குறையும். சிறு முதலீட்டாளருக்கு வரவேண்டிய பங்கிலாபமும் அதோடு போகும்.

சீராக ஏறுவதெல்லாம் நல்லது என்றும் இல்லை. கைமாறும் தொகை மிகக் குறைவாக இருந்தால், இரண்டு மூன்று பேரே விலையை அழகாக ஏற்றிக்கொண்டு போகலாம். காலாண்டு அறிக்கையை எடுத்து ஒரு பங்குக்கான உழைப்பை, அதாவது ஒரு பங்குக்குக் கம்பனி ஈட்டிய இலாபத்தை, பாருங்கள். எட்டுக் காலாண்டுகளையாவது பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். விலை 30 வீதம் ஏறியிருக்க உழைப்பு அசையாமல் கிடந்தால், ஏற்றியது கம்பனியின் தொழில் அல்ல. அதே அறிக்கையில் முதல் இருபது பங்குதாரர்களின் பெயரும் பொதுமக்கள் வசமுள்ள வீதமும் இருக்கும். இந்தப் பக்கத்தைத்தான் பலர் புரட்டுவதே இல்லை. பொதுமக்கள் வசம் குறைவென்றால் சந்தையில் சுழலும் பங்கும் குறைவு. விற்கும்போது விலை குறித்த லிமிட் ஓடராக, ஆயிரம் ஆயிரமாகப் பல நாளில் விற்கவேண்டும்.

சதக் கணக்கில் விற்கும் பங்குகளில் சீரான ஏற்றம் என்பதற்கே இடமில்லை. கொழும்புச் சந்தையில் விலை அசையும் ஆகக் குறைந்த படி 10 சதம். 50 சதப் பங்குக்கு அது 20 வீதம். மலிவாகக் கிடைக்கிறது என்று 60 சதப்படி முப்பதாயிரம் பங்கை 18,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு, வாங்குவோர் பக்கத்தில் 50 சதம்தான் நிற்கிறது என்றால், வாங்கிய அந்த நிமிடமே கட்டணத்தை விட்டுப் பார்த்தாலும் 3,000 ரூபாய் குறைந்துவிட்டது.